ஏழாவது ரீலைப் பார்க்காதவள்

மகனே,

வியாழக்கிழமை இவ்விதழ் கடைக்கு வந்ததும் நீ முதலில் புரட்டுவது இந்தப் பக்கத்தைத்தான் என்பதை நான் அறிவேன். அட்டையைக்கூடப் பாராமல், பின்னாலிருந்து மூன்றாவது தாளைத் திறந்து, தாங்கள் பார்த்த படங்களைப் பற்றி வாசகர்கள் எழுதும் கருத்துகளை நின்ற நிலையிலேயே படித்து முடித்த பிறகுதான் கடைக்காரரை ஏறிட்டுப் பார்ப்பாய். அந்தப் பழக்கம் மட்டுமாவது உன்னிடம் எஞ்சியிருக்கும் என்ற நம்பிக்கையில் இதனை எழுதுகிறேன். எனக்கு வேறு வழி இல்லை. உனக்கு அனுப்பிய கடிதங்கள் யாவும் 'இவ்விலாசத்தில் இல்லை' என்று சிவப்பு மையால் எழுதப்பட்டு என்னிடமே திரும்பி வந்துவிட்டன. இதே பக்கத்தில்தான் உன்னை நான் காயப்படுத்தினேன். ஆதலால் இதே பக்கத்தில் எனக்கு இடம் தர வேண்டும் என்று ஆசிரியர் அவர்களை வேண்டிக்கொண்டேன். வழக்கமாக எட்டு வரிகளுக்கு மேல் அனுமதிக்காத அவர், இம்முறை எத்தனை வரி வேண்டுமானாலும் எழுதுங்கள் அம்மா என்று பதில் போட்டிருக்கிறார். எத்தனை வரி எழுதினாலும் அந்தப் பழைய எட்டு வரிகளை அழிக்க முடியாது என்பது அவருக்கும் தெரிந்திருக்கும்.

நான் பள்ளிக்கூடத்தின் வாசற்படியை மிதித்தவள் அல்லள் என்பதை உனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன்; பெருமையாகவே சொல்லியிருக்கிறேன். உன் தந்தைக்கு வாழ்க்கைப்பட்டு உத்திரமேரூருக்குத் தெற்கே உள்ள இந்தச் சிற்றூருக்கு வந்தபோது என் பெயரைக்கூட எனக்கு எழுதத் தெரியாது. ஏரிக்கு அப்பால் டூரிங் கொட்டகை வந்த பிறகு, அங்கே விற்கும் பாட்டுப் புத்தகங்களை வாங்கி வந்தேன். பாட்டுகள் எனக்கு முன்பே மனப்பாடம். கொட்டகையின் ஒலிபெருக்கி நாற்று நடும் வயல் வரைக்கும் கேட்கும். எனக்குத் தெரிந்த சொல் தாளின் எந்த இடத்தில் நிற்கிறது என்று விரல் வைத்து, ஒவ்வோர் எழுத்தாகப் பிடித்தேன். இரண்டு ஆண்டுகளில் மளிகைப் பொட்டலம் கட்டி வரும் தாள்களையெல்லாம் படிக்கலானேன். பின்பு எழுதினேன். நான் பார்த்த ஒரு படத்தைப் பற்றி எட்டு வரி எழுதி, அது என் பெயருடனும் 'உத்திரமேரூர் வட்டம்' என்ற சொற்களுடனும் இந்தப் பக்கத்தில் அச்சாகி வந்த நாளில், நம் தெருவில் மூன்று வீடுகளுக்குச் சென்று அதை உரக்கப் படித்துக் காட்டினேன். அன்றிலிருந்து நம் ஊரில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. படம் முடிந்து பெண்கள் கூட்டமாக ஏரிக்கரை மேல் வீடு திரும்பும்போது, ஒருவரும் முதலில் வாயைத் திறக்கமாட்டார்கள். நான் சொல்வதற்காகக் காத்திருப்பார்கள். நான் நன்று என்றால் நன்று. தேறாது என்றால் அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு தேறாது என்பார்கள். அந்த மௌனத்தில் எனக்கு எத்தகைய போதை இருந்தது என்பதை இப்போதுதான் சொல்லத் துணிகிறேன்.

சிறு வயதில் நீ என் மடியில், பெண்கள் பக்கத்து மணலில் உட்கார்ந்து படம் பார்த்தாய். உனக்குப் பத்து வயது ஆனபோது வாயிலில் சீட்டுக் கிழிப்பவர் வழி மறித்து, "ஏம்மா, மீசை மொளைக்கப் போவுது உம் புள்ளைக்கு, இன்னும் இங்கியே இட்டாந்துக்கினு கீறியே, அந்தாண்ட அனுப்பு" என்றார். கூட்டம் சிரித்தது. நீ அழாமல் ஆண்கள் பக்கம் போனாய். இடையில் இருந்தது ஓர் ஆள் உயரக் கீற்றுத் தட்டி மட்டுமே. ஒற்றை இயந்திரம் வைத்த கொட்டகை ஆதலால், ரீல் மாற்றும் போதெல்லாம் விளக்குப் போடுவார்கள். அப்போது முறுக்குக் கூடைகளுக்கு நடுவே நீ தட்டியின் ஓரத்துக்கு ஓடி வந்து, தலையை மட்டும் நீட்டி, "எப்டி கீதும்மா?" என்று கேட்பாய். நான் சொல்வேன். நீ தலையாட்டிவிட்டு ஓடுவாய். உனக்கு எப்படி இருக்கிறது என்று நான் ஒரு முறையாவது திருப்பிக் கேட்டேனா? நினைவின் மூலைகளையெல்லாம் துழாவிப் பார்த்துவிட்டேன்; கேட்டதாக ஒரு நாளும் இல்லை.

இனி நான் சொல்லப்போவதை உன் தந்தையிடம்கூட இதுவரை சொன்னதில்லை. நீ பள்ளி இறுதித் தேர்வில் கணக்கில் தவறிய அந்த ஆண்டு, நெல் குதிருக்குப் பின்னால் நீ மறைத்து வைத்திருந்த நோட்டை எடுத்து அடுப்பில் போட்டேன். படிக்காமல் சினிமாவைப் பற்றிக் கிறுக்கிக்கொண்டிருந்தான், ஆகவே எரித்தேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். தெருவே நான் செய்தது சரி என்றது. ஆனால் காரணம் அதுவன்று. எரிப்பதற்கு முன் அந்த நோட்டை நான் முழுவதும் படித்தேன். நாம் பார்த்த ஒவ்வொரு படத்தைப் பற்றியும் அதில் நீ எழுதியிருந்தாய். நடுவே நீயாகப் புனைந்த கதைகளும் இருந்தன. கையெழுத்து முத்துமுத்தாக இருந்தது. என் நெஞ்சு விம்மியது என்பதும் உண்மை. அப்போதுதான் ஒரு பக்கம் வந்தது. நான் தேறாது என்று தீர்ப்புச் சொல்லி, இவ்விதழிலும் எழுதி அச்சான ஒரு படத்தைப் பற்றிய பக்கம். 'அம்மா சொன்னது தவறு' என்று தொடங்கி, ஏன் தவறு என்று ஒன்றரைப் பக்கத்துக்கு நீ விளக்கியிருந்தாய். படித்து முடித்தபோது நீ சொல்வதே சரி என்று எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததனால்தான் எரித்தேன். கணக்குப் பாடத்துக்கும் அந்த நெருப்புக்கும் ஒரு தொடர்பும் கிடையாது.

நெருப்பு பற்றிய சிறிது நேரத்திற்கெல்லாம் என்னால் பொறுக்க முடியவில்லை. நீ கோபித்துக்கொண்டு மாமரத் தோப்புப் பக்கம் போய்விட்டாய் என்று எண்ணி, அடுப்பில் தண்ணீர் ஊற்றி, கரிந்த தாள்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். வடித்த கஞ்சியைப் பசையாகத் தொட்டுக் கிழிசல்களை ஒட்டினேன். முறத்தைக் கவிழ்த்து, அதன் முதுகின் மேல் அவற்றைப் பரப்பிக் காய வைத்தேன். பின்னர், வீட்டில் ஒருவரும் இல்லாத பகற்பொழுதுகளில், எஞ்சியவற்றையெல்லாம் என் கோணல் எழுத்தில் வேறொரு நோட்டில் எடுத்தெழுதினேன். எரிந்துபோன இடங்களில் அத்தனை அகலத்துக்கு வெற்றிடம் விட்டேன். அந்த நோட்டை என் கல்யாணப் புடவைக்குக் கீழே வைத்தேன். இது ஒருவருக்கும் தெரியாது என்றே இத்தனை ஆண்டுகளும் நம்பியிருந்தேன்.

அதன் பிறகு நீ ஒரு படத்தைப் பற்றியும் என்னோடு மாறுபட்டுப் பேசியதில்லை. என்ன கருத்து என்று நான் சொல்லும் வரையில் காத்திருந்து, அதையே உன் சொற்களில் திருப்பிச் சொல்வாய். பிள்ளைக்குப் பக்குவம் வந்துவிட்டது என்று நான் பூரித்தேன். பிறகு சென்னைக்குப் போனாய். படக் கம்பெனிகளில் வசனம் படியெடுக்கும் வேலையில் சேர்ந்தாய். பட்டினி கிடந்தாய் என்று பின்னாளில் கேள்விப்பட்டேன். அதை நீ எழுதவில்லை. எட்டு ஆண்டுகளுக்குப் பின் ஒரு தபாலட்டை வந்தது. 'அம்மா, ஒரு படத்தில் சில காட்சிகளை என்னையே எழுதச் சொன்னார்கள். நம் கொட்டகைக்கு வரும்போது பார். பார்த்துவிட்டு எனக்கு எழுது.' எனக்கு எழுது. அந்த இரு சொற்களை நான் எத்தனை முறை படித்திருப்பேன். ஆயினும் படிக்க வேண்டிய விதத்தில் ஒரு முறையும் படிக்கவில்லை.

படம் நம் ஊருக்கு வந்தபோது ஐப்பசி மழை. முதல் நாள் முதல் ஆட்டத்துக்கே தெருப் பெண்கள் எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொண்டு வந்தார்கள். தலைப்பெழுத்துகளின் நடுவே, வசன உதவி என்ற வரியில், பொடி எழுத்தில் உன் பெயர் வந்து மறைந்தது. நான் உரக்கப் படித்தேன். என்னைச் சுற்றிலும் கை தட்டினார்கள். என் உள்ளங்கால் வரை குளிர்ந்தது. படம் நன்றாகத்தான் போயிற்று. கணவனை இழந்த ஒரு தாய், கண்டிப்பானவள், தன் சொல்லே சட்டம் என்பவள். அவளுடைய ஒரே மகன். ஒரு கட்டத்தில் அந்தத் தாய் அவன் எழுதிய கதைகளைக் கிழித்தெறிந்து, அவனை வீட்டை விட்டே துரத்துகிறாள். விளக்குப் போட்டார்கள். வழக்கத்தை விடச் சற்று நேரம் கூடுதலாயிற்று. மீண்டும் படம் ஓடியபோது, அதே மகன் அதே தாயின் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நிற்கிறான். துரத்தியவளை அவன் ஏன் மன்னித்தான், எப்போது திரும்பி வந்தான், ஒன்றும் விளங்கவில்லை. கூட்டத்தில் ஒருவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. அடுத்து ஒரு பாட்டு வந்தது. பிறகு சண்டை வந்தது.

திரும்பும் வழியில் ஏரிக்கரை மேல் எல்லோரும் மௌனமாக நடந்தார்கள். நான் சொல்வதற்காகக் காத்திருந்தார்கள். அன்று அந்த மௌனம் வேறு விதமாக இருந்தது, மகனே. பெற்றவள் ஆயிற்றே, புகழ்ந்து பேசத்தானே போகிறாள் என்ற ஒரு சிரிப்பு அதில் ஒளிந்திருப்பதாக எனக்குத் தோன்றியது. அது என் தராசுக்கு வந்த சோதனை என்று எண்ணிக்கொண்டேன். தொண்டையைச் செருமி, படம் சுமார், தாய் பாத்திரம் கொஞ்சமும் நம்பும்படியாக இல்லை என்று அறிவித்தேன். பெத்த புள்ளன்னுகூடப் பாக்கல பாருங்கடி என்று ஒருத்தி வியந்தாள். மற்றவர்களும் வியந்தார்கள். அந்த வியப்புக்காகவே நான் உன்னை விற்றேன். மறுநாள் காலை, உனக்கு எழுத வேண்டிய தாளில் இவ்விதழுக்கு எழுதினேன். கடைசி வரி இன்னும் எனக்குப் பாராமலே வருகிறது. உனக்கும் வரும். 'இக்காட்சிகளை எழுதியவர் ஒரு தாயை அருகிலிருந்து அறியாதவர் போலும்.' அடியில் என் பெயர், உத்திரமேரூர் வட்டம். இதழ் வந்த நாளில் உன் தந்தையிடம் படித்துக் காட்டினேன். கொட்டகைக்கு வந்தால் மணலில் துண்டை விரித்துத் தூங்குவதைத் தவிர சினிமாவைப் பற்றி வேறு கருத்தே இல்லாத மனிதர் அவர். கலப்பைக்கு ஆப்பு சீவிக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தாமல், "அவன் உன்னாண்டதானே கேட்டான். ஊருக்கு இன்னாத்துக்கு எழுதினே?" என்றார். எழுத்தறியாதவருக்கு விமரிசனம் எங்கே புரியப்போகிறது என்று நான் தாளை மடித்து வைத்தேன். அன்றிலிருந்து அவர் கொட்டகைப் பக்கமே வருவதில்லை.

உன்னிடமிருந்து கோபமாகவாவது ஒரு வரி வரும் என்று கார்த்திகை முழுவதும் காத்திருந்தேன். தையில் பொங்கலுக்கு வருவாய் என்று புதுப்பானைக்குப் பக்கத்தில் உனக்கும் ஒரு வேட்டி எடுத்து வைத்தேன். வரவில்லை. அப்போதும் என் மனம், உண்மையைத் தாங்கும் வலிமை இவனுக்கு இல்லையே என்றுதான் உன்னைக் குறை கூறிற்று.

மாசியில், எதிர்வீட்டுக் கன்னியம்மாள் மானாம்பதியிலிருந்து திரும்பி வந்தாள். மகளின் பிரசவத்துக்காக மூன்று நான்கு மாதங்கள் அங்கேயே தங்கியிருந்தவள். களை பறிக்கும்போது என் பக்கத்து வரிசையில் குனிந்திருந்தாள். உன் படத்தை மானாம்பதிக் கொட்டகையில் பார்த்ததாகத் தானாகவே பேச்செடுத்தாள். "உம் புள்ள படத்துல அந்த அடுப்பு சீனு வந்துச்சே, எம் மவ பச்ச ஒடம்புக்காரி, அழாதடின்னு அவளச் சொல்லிட்டு நான் அழுதுக்கினு கீறேன்" என்றாள். அப்படி ஒரு காட்சியே படத்தில் இல்லை என்றேன். இருக்கிறது என்றாள். நான் சிரித்தேன். ஒரு படத்தை எழுத்தெண்ணிப் பார்ப்பவள் நான். வேறு ஏதோ படத்தோடு குழப்பிக்கொள்கிறாய், படிப்பறிவு இல்லாவிட்டால் இப்படித்தான் என்று நாலு பேர் கேட்கச் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. "படிக்கத்தான்க்கா தெரியாது, கண்ணு தெரியுதே" என்றாள். மற்றவர்கள் சிரித்துவிட்டார்கள். பிறகு அவள் களையை வரப்பில் வீசிவிட்டு, நின்று, கையால் காட்டிக் காட்டிச் சொன்னாள்: "அந்தம்மா புள்ளைய வெரட்டிட்டு, கிழிச்ச காயிதத்த அடுப்புல போடுது. அப்பால அங்கியே குந்திக்கினு, எரிஞ்சத ஒண்ணொண்ணா பொறுக்குது. கஞ்சிய தொட்டுத் தொட்டு ஒட்டுது. அப்பால மொறத்தக் கவுத்து அதும் மேல காய வெக்குது. புள்ள கதவாண்ட நின்னு எல்லாத்தையும் பாத்துக்கினு கீது. அந்தம்மாவுக்குத் தெரியல."

கஞ்சியை யாரும் ஊகிக்கலாம். ஆனால் கவிழ்த்த முறம்? அது என் அடுப்பங்கரையைத் தவிர உலகில் வேறெங்கும் நடந்ததில்லை. நீ தோப்புக்குப் போகவில்லை. நீ கதவருகே நின்றிருந்தாய்.

கால் சேற்றைக்கூடக் கழுவாமல் நான் கொட்டகைக்கு நடந்தேன். நண்பகல் வேளை, ஆபரேட்டர் இயந்திர அறை வாசலில் உட்கார்ந்து பனியனைத் தைத்துக்கொண்டிருந்தார். ஐப்பசியில் அந்தப் படத்தின் முதல் நாளன்று என்ன நடந்தது என்று கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை. நமது கொட்டகைக்கும் மானாம்பதிக் கொட்டகைக்கும் சேர்த்து ஒரே படப்பெட்டிதான் வரும், அங்கே ஆட்டம் முன்னதாகவே தொடங்கும், அங்கே ஓடி முடிந்த ரீல்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஓர் ஆள் இங்கே வருவார், இவர் ஓட்டுவார். இத்தனை ஆண்டுகள் படம் பார்த்த எனக்கு இது தெரியாது. அன்று மழையில், ஏரிக்கரைச் சரிவில் சைக்கிள் சறுக்கி, ஏழாவது ரீல் தண்ணீரில் விழுந்துவிட்டது. துடைத்துக் காய வைக்க நேரமில்லை. கூட்டம் விசில் அடிக்கிறது. ஆறுக்குப் பிறகு எட்டைப் போட்டுவிட்டார். "சண்ட ரீலு போச்சுன்னா கொட்டாயக் கொளுத்திடுவானுங்கமா. பாட்டு ரீலு போனா கல்லு வரும். அழுவாச்சி ரீலு போனா ஒருத்தன் கேட்டதில்ல" என்றார். பிறகு ஊசியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க பத்திரிகைல எழுதுறவங்க. நீங்ககூடக் கேக்கலியே."

நான் கேட்கவில்லை. எனக்கு விளங்காதது ஒன்று இருந்தபோது, அது என்னுடைய குறையாகவோ, இயந்திரத்தின் குறையாகவோ இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எழுதியவனுடைய குறை என்று தோன்றியது. எழுதியவன் நீ.

பங்குனியில், தென்னேரியில் உள்ள என் தங்கை வீட்டுக்கு அருகே அந்தப் படம் ஓடுவதாகக் கேள்விப்பட்டு, வாலாஜாபாத் வழியாக இரண்டு பேருந்து மாறிப் போனேன். அறிமுகமில்லாத பெண்களின் நடுவே உட்கார்ந்தேன். அந்த ரீல் வந்ததும், எனக்கு யாரும் சொல்லாமலே அதுதான் என்று தெரிந்தது. திரை முழுவதும் நீர்க்கறை கொப்புளம் கொப்புளமாக ஓடியது. நம் ஏரித் தண்ணீர், மகனே. அந்தக் கறைகளின் ஊடே நான் என்னைப் பார்த்தேன். அந்த நடிகை அடுப்பின் முன் உட்கார்ந்த விதம் சரியில்லை. நான் ஒரு காலை மடித்து உட்காருவேன். ஆனால் தாளை ஊதிச் சாம்பலைப் போக்கும்போது கன்னத்தில் கரி படிந்ததே, அது சரி. கதவருகே நின்ற பிள்ளை உள்ளே வந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. தாய் திரும்புவதற்குள் ஓசையின்றி நகர்ந்துவிடுகிறான். அவள் பார்க்கப்பட்டது அவளுக்குத் தெரியக்கூடாது என்பதற்காக. எனக்குப் பக்கத்திலிருந்த பெண் யாரிடமோ, தங்கமான புள்ள என்றாள். நானே அவனைப் பெற்றவள் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அந்தக் காட்சியை நீ படத்துக்காக எழுதவில்லை. எனக்காக எழுதினாய். எரித்ததையும் அறிவேன், பொறுக்கியதையும் அறிவேன், உன்மேல் எனக்கு வருத்தம் இல்லை என்று நேரில் சொல்லக் கூச்சப்பட்டு, நான் நம்பும் ஒரே இடமான திரையில் ஏற்றி அனுப்பினாய். 'பார்த்துவிட்டு எனக்கு எழுது' என்றாய். நானோ ஒரு தாயை அறியாதவர் என்று எழுதினேன்.

மறுவாரமே சென்னைக்குப் போனேன். கோடம்பாக்கத்தில் நீ தங்கியிருந்த விடுதியைக் கண்டுபிடித்துவிட்டேன். அங்கே பொறுப்பில் இருப்பவர் என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். நீ மார்கழியிலேயே போய்விட்டாய், வடக்கே ஏதோ ஆலையில் வேலை என்று சொன்னாய், எந்த ஊர் என்று சொல்லவில்லை என்றார். அதற்கு முன்பாக, எழுதி வைத்திருந்த தாள்களை ஒரு டிரங்குப் பெட்டி நிறையப் பழைய காகிதக் கடைக்குப் போட்டுவிட்டாயாம். ஏம்ப்பா இப்படி என்று அவர் கேட்டாராம். நீ சொன்ன பதிலை அவர் அப்படியே எனக்குச் சொன்னார்: "எங்கம்மா பாத்துட்டாங்க சார். எனக்கு எழுத வராதாம். அவங்க சொன்னா தப்பா இருக்காது."

அத்துணை தூரம் பேருந்தில் வரும்போது, நீ என்மேல் கோபமாக இருக்கிறாய் என்றே நினைத்திருந்தேன். கோபம் என்றால் காலில் விழுந்தாவது தணித்திருப்பேன். நீ கோபிக்கவில்லை. நம்பிவிட்டாய். அந்த நோட்டில் 'அம்மா சொன்னது தவறு' என்று எழுதிய பிள்ளையை அடுப்பில் இட்டவள் நான். எஞ்சிய பிள்ளை அம்மா சொன்னால் தவறாக இராது என்கிறான். விடுதிப் படிகளில் இறங்கித் தெருவுக்கு வந்தேன். வழியில் பழைய காகிதக் கடைகளிலெல்லாம் நின்று நின்று கேட்டேன். ஒருவர் இரக்கப்பட்டு, அதெல்லாம் கூழாகி நாளாச்சும்மா என்றார்.

நான் உனக்கு எத்தனையோ புத்தி சொல்லியிருக்கிறேன். எல்லாவற்றையும் மறந்துவிடு. இப்போது சொல்லும் ஒன்றை மட்டும் கேள்: என்னை நம்பாதே. பதினைந்து வயதில் ஒன்றரைப் பக்கத்தில் நீ என்னைத் தவறென்று நிறுவினாயே, அந்தத் துணிவோடு என் எட்டு வரிகளைப் படி. ஒரு படத்தில் ஒரு ரீல் விடுபட்டதைக்கூடக் கண்டுகொள்ளாதவளுடைய கருத்து அது. நாளை உனக்கு வாழ்க்கையில் எவரேனும் இவ்வளவுதான் நீ என்று தீர்ப்புச் சொன்னால், அவர்கள் எதைப் பார்க்கவில்லை என்று கேள். நான் உட்பட எவராயினும் கேள். நான் அதை ஒருகாலும் கேட்காமல் இத்தனை வயதாகிவிட்டது. உன் தந்தை இப்போதெல்லாம் சாயங்காலம் பேருந்து வரும் நேரத்துக்கு மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் சாக்கில் சாலையோரம் போய் நிற்கிறார். பேருந்து போன பிறகும் நிற்கிறார். மாடு தண்ணீர் குடித்து முடித்து வெகுநேரம் ஆகியிருக்கும். என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை. கேட்டால்கூடப் பரவாயில்லை.

கன்னியம்மாளிடம் களத்து மேட்டில் எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டேன். வுடுக்கா என்றாள். இப்போது கொட்டகையிலிருந்து திரும்பும்போது நான் முதலில் பேசுவதில்லை. சில நாட்கள் ஒருவரும் பேசாமலே வீடு வந்து சேர்ந்தோம். அவர்களுக்கும் பழக்கம் விட்டுப்போயிருந்தது. பிறகு கன்னியம்மாள்தான் தொடங்கினாள். இப்போது ஏரிக்கரை முழுக்க ஒரே பேஜார். ஒருத்தி நன்று என்றால் மற்றொருத்தி சண்டைக்கு வருகிறாள். அவர்கள் இத்தனையையும் பார்த்திருக்கிறார்கள் என்பதே எனக்கு இத்தனை காலமும் தெரியாது.

ஆபரேட்டரைத் தினமும் நச்சரித்து, உன் படத்தை மறுபடியும் வரவழைக்கச் செய்திருக்கிறேன். ஆனி மாத முதல் வெள்ளியிலிருந்து மூன்று நாட்கள், முதல் ஆட்டம். மானாம்பதியோடு பங்கு இல்லை. பெட்டி முழுவதுமாக நம் கொட்டகையிலேயே இருக்கும். விளக்கணைக்கும் முன் நானே இயந்திர அறைக்குச் சென்று ரீல்களை எண்ணிப் பார்ப்பேன் என்று சொல்லியிருக்கிறேன்; அவர் சிரித்துவிட்டுச் சம்மதித்தார். கல்யாணப் புடவைக்குக் கீழே இருக்கும் நோட்டையும் எடுத்து வருவேன். அதில் நான் விட்ட வெற்றிடங்கள் அப்படியே இருக்கின்றன. அங்கே என்ன இருந்தது என்று எனக்கு அரைகுறையாக நினைவிருக்கிறது. ஆனாலும் ஒரு சொல்லையும் நான் இட்டு நிரப்பவில்லை. அந்த ஒன்றரைப் பக்கத்தில் 'அம்மா சொன்னது தவறு' என்ற வரி மட்டும் எரியாமல் தப்பியது. அதை முதற்பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

எங்கிருந்தாலும் வா, மகனே. வீட்டுக்கு வர மனம் இல்லாவிட்டால் வீட்டுக்கு வராதே. நேரே கொட்டகைக்கு வா. ஆண்கள் பக்கத்தில், உன் பழைய இடத்தில், தட்டியை ஒட்டி உட்கார். நான் இந்தப் பக்கம் தட்டியை ஒட்டியே மூன்று நாளும் உட்கார்ந்திருப்பேன். உன் முகத்தைக் காட்ட வேண்டாம். ஏழாவது ரீல் முடிந்து விளக்குப் போட்டதும், தட்டியின் ஓரத்துக்கு வந்து, பத்து வயதில் கேட்டதைப் போலவே, "எப்டி கீதும்மா?" என்று ஒரு முறை கேள். இம்முறை நான் பதில் சொல்லமாட்டேன். உனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்பேன். நீ சொல்லி முடிக்கும் வரை, அவர்கள் விளக்கை அணைத்தாலும், நான் திரைப் பக்கம் திரும்பமாட்டேன்.

உன்னைப் பெற்றவள்,
உத்திரமேரூர் வட்டம்.